பத்து மணி நேரப் பட்டினி

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் கவனிக்க ஆள் இருப்பார்கள். ஒருவர் சாவி, சில்லறை, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்வார். இன்னொருவர் தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து, "ஆடாம படுங்க, கால் மணி நேரம்தான்" என்று தைரியம் சொல்லி உள்ளே தள்ளுவார். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லிவியா டொமோவா, ரெபெக்கா சாக்ஸ் குழுவினர் நடத்திய ஒரு சோதனையில் இந்த உபசாரம் எதுவும் கிடையாது. சோதனைக்கு வந்தவர்கள் தாங்களே போய், தாங்களே படுத்து, தாங்களே இயந்திரத்துக்குள் நுழைய முன்கூட்டியே பழகியிருந்தார்கள். காரணம், அன்று காலையிலிருந்து அவர்கள் ஒரு மனித முகத்தைக்கூடப் பார்த்திருக்கவில்லை. கடைசி நிமிடத்தில் யாராவது வந்து சிரித்து வைத்தால் நாள் முழுக்கப் பட்ட பாடு வீண்.

ஆட்கள் 40 பேர். ஒரு நாள் அவர்களுக்கு 10 மணி நேரம் சாப்பாடு கிடையாது. வேறொரு நாள் 10 மணி நேரம் மனிதர்கள் கிடையாது. இந்த இரண்டாவது பட்டினிக்கு ஜன்னல் இல்லாத ஓர் அறை. செல்போன் வெளியே. அவசரத்துக்கு ஆய்வாளர்களைத் தொடர்புகொள்ள ஒரு கம்ப்யூட்டர் மட்டும் உண்டு. கழிப்பறைக்குப் போவதென்றால் முதலில் தகவல் சொல்ல வேண்டும். அங்கே யாரும் இல்லை என்று பார்த்துச் சொன்ன பிறகே போகலாம். சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுச் செய்தி அனுப்புவார்கள். இவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

மாலையில் ஸ்கேனருக்குள் படுத்திருந்தவர்களுக்குப் படங்கள் காட்டப்பட்டன. சாப்பாடு, கூடிச் சிரிக்கும் மனிதர்கள், ஒப்பிட்டுப் பார்க்கப் பூக்கள். நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது, டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் நிறைந்த இடம். பட்டினி கிடந்த நாளில் சாப்பாட்டுப் படத்துக்கு அது துள்ளியது. தனித்திருந்த நாளில் மனிதர்களின் படத்துக்குத் துள்ளியது. ஆய்வு அச்சில் வந்தது 2020 இறுதியில், உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது. ஆனால் சோதனையை நடத்தி முடித்தது கொரோனாவுக்கு முன்பே.

டோபமைனை 'இன்ப ரசாயனம்' என்று எழுதி எழுதிப் பழகிவிட்டோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் பல வருடங்களாகச் சொல்லிவருவது வேறு. ஒன்று பிடித்திருப்பது வேறு, அது வேண்டும் வேண்டும் என்று இழுப்பது வேறு. டோபமைன் இரண்டாவதோடு சேர்ந்தது. பிரியாணி வாயில் கரையும்போது வரும் சுகம் அல்ல அது. தம் உடைக்கும் வாசனை தெருவுக்கு வந்ததும் நம் காலை அந்தப் பக்கம் திருப்புகிறதே, அந்த விசை. ஆக, மனிதர் வேண்டும் என்ற தேவைக்கு மூளையின் உணர்ச்சி இலாகாவில் மட்டும் இடம் இல்லை. நம்மைப் படுக்கையிலிருந்து எழுப்பி நடக்கவைக்கும் இலாகாவிலும் அதற்கு ஒரு மேசை போட்டிருக்கிறது.

எங்கள் வீட்டுக்குத் தினமும் விடியும் முன் பேப்பர் வந்துவிடும். அப்பா அதை எடுத்து மடிப்புக் கலையாமல் டீப்பாய் மேல் வைத்துவிட்டு, தெருமுனை டீக்கடைக்குப் போய் அதே பேப்பரைப் படிக்கிறார். அங்கே முழுப் பேப்பரும் கிடைக்காது. நடுப்பக்கம் ஒருவர் கையில், விளையாட்டுப் பக்கம் இன்னொருவர் கையில். டீக்கறையோடு முதல் பக்கம் இவர் முறைக்கு வர ஏழரை ஆகும். "வீட்டுலயே இருக்கேப்பா" என்று ஒருமுறை கேட்டேன். "அது வேற" என்றார். இந்தக் கட்டுரைக்காக நான் படித்ததில் பாதி அந்த 'அது வேற'வுக்கான விளக்கம்தான்.

தனிமையைப் பசியோடு சேர்த்துப் பேசியதில் முக்கியமானவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் காசியோப்போ, 2018-ல் காலமானார். தனிமையுணர்வு நோயும் இல்லை, குணக்கேடும் இல்லை, பசி, தாகம், வலி போல உடம்பு அடிக்கும் ஒரு மணி என்பது அவர் கட்சி. காட்டில் கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஆதி மனிதரின் வாரிசுகள் நாம். பிரிந்ததும் மனசு அடித்துக்கொண்டவர்கள் திரும்பி ஓடிப் பிழைத்தார்கள். 'பரவாயில்லை' என்று அங்கேயே உட்கார்ந்தவர்கள் நமக்கு மூதாதையர் ஆகவில்லை. இதில் எண்ணிக்கைக்கு வேலையில்லை என்பதையும் அவர் வலியுறுத்தினார். தனியாக இருப்பது ஒன்று, தனியாகிவிட்டோம் என்று உணர்வது இன்னொன்று. தமிழில் இது சொல்லாமலே விளங்கும். ஏகாந்தம் நாமே தேடிப் போவது. அதற்குப் போய் யாரும் அழுவதில்லை.

இன்று இதெல்லாம் தெரிந்த கதை போலத் தோன்றலாம். நூறு வருடத்துக்கு முன் படித்தவர்கள் நம்பியது நேர்மாறாக. நடத்தையியலின் தந்தை என்று சொல்லப்படும் ஜான் வாட்சன் 1928-ல் குழந்தை வளர்ப்புக்கு ஒரு புத்தகம் எழுதினார். குழந்தையைக் கட்டிப்பிடிக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், காலையில் கைகுலுக்குங்கள் என்பது அதில் அவர் தாய்மாருக்குச் சொன்ன புத்திமதி. குழந்தை அம்மாவை ஒட்டிக்கொள்வது பாலுக்காக. பால் தருபவள் என்பதால் அம்மா பிடித்துப்போகிறாள் என்பதுதான் அன்றைய கணக்கு.

அந்தக் கணக்கைக் கலைத்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹார்லோ. ரீசஸ் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து இரண்டு பொம்மைத் தாய்களோடு விட்டார். ஒன்று வெறும் கம்பிவலை. இன்னொன்று மரக்கட்டையின் மேல் ரப்பர் சுற்றி, அதற்கு மேல் டர்க்கி டவல் போர்த்தி, பின்னால் ஒரு பல்பு போட்டு இளஞ்சூடு ஏற்றியது. பால் புட்டி கம்பித் தாயிடம் இருந்தபோதும், குட்டி அங்கே போய்ப் பாலைக் குடித்துவிட்டு மீதி நேரமெல்லாம் டவல் தாயைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தது. 1958-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேடையில் இதைச் சொன்னபோது தன் உரைக்கு 'அன்பின் இயல்பு' என்ற பொருளில் தலைப்பு வைத்தார் ஹார்லோ. விஞ்ஞானிகள் கூச்சப்பட்ட சொல் அது.

இதுவரை பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதே ஆய்வின் இன்னொரு பகுதி. புதுப் பொருட்கள் கிடக்கும் ஒரு புது அறையில் குட்டியைத் தனியாக விட்டார்கள். அது மூலையில் சுருண்டு, விரலைச் சூப்பிக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடியது. ஒரு பொருளையும் தொடவில்லை. அடுத்து டவல் தாயையும் அறையில் வைத்தார்கள். குட்டி பாய்ந்து போய் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து இறங்கி ஒரு பொருளைத் தொட்டுப் பார்த்தது. திரும்ப ஓடி வந்தது. மறுபடி போய் இன்னொன்றைக் கடித்துப் பார்த்தது. டவல் தாய் எதையும் சொல்லித் தரவில்லை, ஊக்கப்படுத்தவும் இல்லை. சும்மா இருந்தாள். அவள் இருந்ததே குட்டிக்கு ஆர்வத்தைக் கொடுத்தது. பிற்காலத்தில் ஹார்லோ குட்டிகளை மாதக்கணக்கில் தனிப் பெட்டிகளில் அடைத்துச் செய்த சோதனைகளைப் படித்தால் வயிற்றைப் பிசையும். அவரால் நாம் அறிந்துகொண்டதற்குக் குரங்குகள் கொடுத்த விலை அதிகம்.

டர்க்கி டவல் அதோடு முடியவில்லை. ஹார்வர்டில் கேத்தரின் டுலாக், டிங் லியு குழுவினர் 2025-ல் எலிகளின் ஹைப்போதாலமஸில் இரண்டு நரம்பணுக் கூட்டங்களை அடையாளம் கண்டார்கள். ஒன்று எலி தனித்திருக்கும்போது 'துணை வேண்டும்' என்று கத்துவது. மற்றொன்று துணை சேர்ந்த பிறகு 'போதும்' என்று அடக்குவது. வயிற்றுப் பசிக்கும் ஹைப்போதாலமஸில் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. தனித்து வைத்த எலிக்கு இரண்டு சுரங்கவழிகள் கொடுத்தார்கள், ஒன்று வெறும் பிளாஸ்டிக், ஒன்று உள்ளே மெத்தென்ற துணி. எலி துணி வழியைத் தேர்ந்தெடுத்தது. துணைக்கான பசியில் பெரும் பங்கு தோலுடையது போலிருக்கிறது.

ஆராய்ச்சியில் சில சமயம் பதில் நாம் பார்க்காத பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். லண்டனில் முனைவர் பட்ட மாணவியாக இருந்த ஜில்லியன் மேத்யூஸ் போதைப்பொருள் எலி மூளையில் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல வெறும் உப்புநீர் ஏற்றிய ஒப்பீட்டு எலிகளும் இருந்தன. அவற்றின் மூளையிலும் மாற்றம். யோசித்துப் பார்த்தால், எல்லா எலிகளையும் 24 மணி நேரம் தனித்தனிக் கூண்டில் வைத்திருந்தார்கள். போதைப்பொருள் செய்ததாக நினைத்த வேலையைத் தனிமையே செய்திருந்தது. 2016-ல் கே டை என்பவரின் ஆய்வகத்திலிருந்து அது தனி ஆய்வாகவே வந்தது.

இதே மாதிரி விபத்து 1976-லும் நடந்தது, சிறு குழந்தைகளை வைத்து. பரிசு, பாராட்டு இவற்றால் குழந்தைகளுக்கு ஒரு வேலையில் தானாக இருக்கும் ஆர்வம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கும் ஆய்வு. ஒப்பீட்டுக்காக ஒரு பிரிவுக் குழந்தைகளுக்குப் பரிசும் இல்லை, பாராட்டும் இல்லை. அறையில் ஒரு பெரியவர் மட்டும் இருப்பார். குழந்தை எதையாவது காட்டினாலும் பேச்சுக் கொடுத்தாலும் அவர் கண்டுகொள்ள மாட்டார். ஆர்வம் தரைமட்டத்துக்கு இறங்கியது இந்தப் பிரிவில்தான். ஆளில்லாத அறைகூடப் பரவாயில்லை போலும். ஆள் இருந்தும் கண்டுகொள்ளாததுதான் குழந்தையின் கையைக் கட்டிப்போடுகிறது. வீட்டில் போனைப் பார்த்தபடி 'ம்… ம்…' கொட்டும் நம் எல்லோருக்கும் இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் இருவரும் ஊக்கத்தைப் பற்றித் தாங்கள் கட்டிய கொள்கையில் இந்த ஆய்வை விடாமல் எடுத்துச் சொல்வார்கள். தன் விருப்பப்படி செய்கிறோம் என்ற உணர்வு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, தனக்கு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு ஆகிய மூன்றும்தான் மனசுக்கான அடிப்படைச் சத்து என்பது அவர்கள் வாதம். முதல் இரண்டையும் நிர்வாகப் புத்தகங்கள் பிடித்துக்கொண்டன. மூன்றாவதைப் பிக்னிக், பிறந்தநாள் கேக் என்று சுருக்கிவிட்டன.

அது கேக்கால் ஆகிற காரியமில்லை என்பதற்கு ஒரு நல்ல சாட்சி ஸ்டான்ஃபோர்டில் இருக்கிறது. பிரியங்கா கார், கிரெகரி வால்டன் இருவரும் 2014-ல் வெளியிட்டது. சில பேர் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு புதிர். புதிரோ கடினமானது. நடுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு வருகிறது, அதில் ஒரு சின்ன யோசனை. ஒரு பிரிவிடம், நீங்கள் எல்லோரும் சேர்ந்து இதைச் செய்கிறீர்கள், இந்த யோசனை உங்களோடு வந்தவர் கொடுத்தது என்றார்கள். மற்றப் பிரிவிடம், யோசனை ஆய்வாளர்கள் கொடுத்தது என்றார்கள். வேறுபாடு இவ்வளவுதான். இரண்டு பிரிவிலும் ஆள் தனி ஆள்தான். அறையில் பேச்சுத் துணை கிடையாது. ஆனாலும் 'சேர்ந்து' என்ற சொல்லைக் கேட்டவர்கள் மற்றவர்களைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் விடாமல் முயன்றார்கள். களைப்பு குறைவாக இருந்தது, வேலையே பிடித்திருந்தது என்றும் சொன்னார்கள்.

நாற்று நடும் பெண்களும் வலை இழுப்பவர்களும் பாட்டுக் கட்டிக்கொண்டது அலுப்புத் தெரியாமல் இருக்க என்று சொல்லுவோம். தாளத்துக்கு ஒரு பங்கு உண்டுதான். ஆனால் ஸ்டான்ஃபோர்டின் அறைகளில் பாட்டும் இல்லை, தாளமும் இல்லை; ஒரு துண்டுச் சீட்டு மட்டும்.

சேர்ப்பது இவ்வளவு சுலபம் என்றால் விலக்குவதும் சுலபம்தான். கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் பூங்காவில் தன் நாயோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு பிரிஸ்பி தட்டு வந்து அவர் மேல் விழுந்தது. எடுத்து எறிந்தார். ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவருக்கும் எறிந்தார்கள். கொஞ்ச நேரம் மூவருமாக ஆடினார்கள். பிறகு அந்த இருவரும் காரணமே சொல்லாமல் அவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள், இரண்டு நிமிட விளையாட்டு. அதற்கே மனசு என்ன பாடுபட்டது என்று கவனித்த வில்லியம்ஸ் அதையே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டாக்கினார். திரையில் மூன்று உருவம், ஒரு பந்து. கொஞ்ச நேரத்தில் பந்து உங்களிடம் வருவது நின்றுவிடும். எதிரே ஆடுவது மனிதர்கள் அல்ல, கம்ப்யூட்டர்தான் என்று முன்பே சொல்லிவிட்டாலும் வலிக்கிறது. தாங்கள் வெறுக்கும் இனவெறிக் கும்பல் பந்தைத் தரவில்லை என்று சொன்னாலும் வலிக்கிறது. அழைப்பிதழ் வராத கல்யாணத்துக்கு 'எப்படியும் போயிருக்க மாட்டோம்' என்று சொல்லிக்கொண்டே பொருமுபவர்கள் எந்த ஊரிலும் உண்டு.

2003-ல் நவோமி ஐசன்பெர்கர் குழு இதே விளையாட்டை ஸ்கேனருக்குள் ஆடவைத்து, உடல்வலியில் வேலை செய்யும் ஒரு பகுதியே ஒதுக்கப்படும்போதும் வேலை செய்கிறது என்று அறிவித்தது. பத்திரிகைகள் 'மனவலியும் உடல்வலியும் ஒன்றே' என்று எழுதித் தீர்த்தன. அவசரப்பட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்வேன். அந்த ஆய்வில் இருந்தது 13 பேர். அந்தப் பகுதியோ வலி தவிர இன்னும் பல வேலைகளுக்கு எழுந்து உட்காரும் பகுதி. 2014-ல் டோர் வேகரின் குழு நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தபோது, இரண்டு வலிகளின் கோலமும் வேறு வேறாகவே தெரிந்தது. வீடு ஒன்று, குடித்தனம் இரண்டு.

பசி என்ற உவமையும் ஓரிடத்தில் உடைகிறது. விஷயத்தின் சிக்கலே அந்த இடம்தான். வயிற்றுப் பசி முற்ற முற்றச் சாப்பாட்டின் மேல் ஆசை கூடும். பழைய சோறும் அமிர்தமாகும். மனிதப் பசி முற்றினால் மனிதர்கள் மேல் சந்தேகம் வருகிறது. கூட்டத்தை விட்டுப் பிரிந்த விலங்குக்கு எந்தப் புதர் அசைந்தாலும் ஆபத்துதான். அந்தப் பழைய எச்சரிக்கை நம்மிடமும் மிச்சமிருக்கிறது என்றார் காசியோப்போ. நாள்பட்ட தனிமையில் இருப்பவர் எதிரே இருப்பவரின் முகத்தில் முதலில் தேடுவது முறைப்பை. தேடினால் கிடைக்கும். கிடைத்ததும் இன்னும் ஒதுங்குவார். எம்.ஐ.டி. சோதனையிலும் இதன் சாயல் உண்டு. வழக்கமாகவே தனிமையில் வாடுவதாகச் சொன்னவர்களின் நடுமூளை அந்த 10 மணி நேரத்துக்குப் பிறகு அவ்வளவாகத் துள்ளவில்லை. சுற்றம் நிறைந்தவர்கள்தான் அதிகம் தவித்தார்கள்.

அந்தப் பழைய எச்சரிக்கையின் காவல் தூக்கத்திலும் ஓய்வதில்லை. தெற்கு டகோட்டாவில் ஹட்டரைட் என்ற கிறிஸ்தவக் குழுவினர் நிலம், சமையல், சொத்து எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்கிறார்கள். அவர்களை ஆராய்ந்து 2011-ல் வெளிவந்த முடிவு இது: அந்தக் கூட்டத்தின் நடுவிலும் தனிமையுணர்வு கூடுதலாக இருந்தவர்களுக்குத் தூக்கம் துண்டு துண்டாகக் கலைந்தது. தூங்கிய நேரம் குறையவில்லை, இடையிடையே விழிப்பு. அதே ஆண்டு காசியோப்போவும் சகாக்களும், தனிமைக்குக் கொடுக்கப்பட்ட வைத்தியங்களைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆட்களைக் கூட்டி உட்காரவைப்பதைவிட, 'அவர் என்னைப் பிடிக்காமல்தான் பேசவில்லை' என்ற கணிப்பைத் திருத்தும் சிகிச்சையே நன்றாக வேலை செய்திருந்தது.

உடம்புக்கு இதனால் வரும் சேதத்தைப் பற்றி ஏராளமாக எழுதியாயிற்று. 2010-ல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் 148 ஆய்வுகளை, 3,08,849 பேரின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார். உறவு வலுவாக இருந்தவர்கள் அந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம். தினம் 15 சிகரெட்டுக்குச் சமம் என்று ஊர் முழுக்கச் சுற்றும் ஒப்பீடு அங்கிருந்து கிளம்பியதுதான். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மனிதர்களைக் கவனித்து எழுதியவை. நோயாளி ஆனதால் தனித்துப்போனவர்களும் அந்தக் கணக்கில் இருப்பார்கள். அதனால் சிகரெட் உவமையை நான் பாதி விலைக்குத்தான் வாங்குவேன். பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் இதற்கென்றே அமைச்சர் போட்டது செய்தியாக வந்தபோது, 'அங்கே எல்லாம் அப்படித்தான், நமக்குக் குடும்பம் இருக்கிறது' என்று நாம் படித்துவிட்டுத் தாண்டினோம். 2025-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை அந்த நிம்மதியைக் கெடுக்கிறது. உலகில் 6 பேரில் ஒருவருக்குத் தனிமை. அதிலும் ஏழை நாடுகளில் அது பணக்கார நாடுகளைப் போல இரண்டு மடங்கு.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ரயிலில் நடந்தது. சிகாகோவுக்குத் தினமும் ரயிலில் வேலைக்கு வருபவர்களை நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் பிடித்தார்கள். ஒரு பிரிவு பக்கத்து சீட்காரரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். ஒரு பிரிவு யாரோடும் பேசாமல் வர வேண்டும். ஒரு பிரிவு வழக்கம்போல. எது இனிமையாக இருக்கும் என்று இன்னொரு தரப்பாரிடம் முன்கூட்டிக் கேட்டபோது, பேசாமல் வருவதுதான் என்றார்கள். நடந்தது தலைகீழ். பேசி வந்தவர்களின் பயணம்தான் நன்றாக இருந்தது. எல்லோரும் தப்பாகக் கணித்ததற்குக் காரணம், எதிரே இருப்பவருக்குப் பேச விருப்பமிருக்காது என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்ததுதான். முன்பெல்லாம் நம் ரயிலில் வண்டி கிளம்பும் முன்னே "எதுவரைக்கும் போறீங்க?" கேட்டுவிடும். இப்போது எதிர் சீட்டில் இருப்பவர் காதில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது, கேட்கத் தோன்றுவதில்லை.

ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் இருவரும் கனடாவில் காபிக் கடையை வைத்துக் கண்டதும் இதே ரகம். காபி ஊற்றித் தருபவரிடம் சிரித்து இரண்டு வார்த்தை பேசியவர்கள், காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவர்களைவிடச் சந்தோஷமாக வெளியே வந்தார்கள். நெருங்கியவர்கள் அல்ல, நண்பர்கள்கூட அல்ல, முகம் தெரிந்தவர்கள். பெயர் தெரியாது, சர்க்கரை எவ்வளவு என்று தெரியும்.

போன மாதம் அப்பாவுக்குக் கணுக்கால் பிசகி ஆறு நாள் வீட்டோடு இருந்தார். பேப்பர் முழுசாகக் கையில் இருந்தது, நடுப்பக்கத்துக்குப் போட்டி இல்லை. பத்து நிமிடத்தில் மடித்து வைத்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்வார். கால் தேறிக்கொண்டுதான் வந்தது. ஆனால் சவரம் செய்யவில்லை. கேட்டால், "எங்க போகப் போறேன்" என்பார்.

ஆறாம் நாள் ஃபிளாஸ்க்கில் டீ வாங்கப் போனேன். மாஸ்டர் ஆற்றிக்கொண்டே, "என்ன சார், ஐயாவை ஆளையே காணோம்? நடுப்பக்கம் சண்டை போட ஆளில்லாம கிடக்கு" என்றார். சொன்னேன். வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடமும் சொன்னேன்.

"மாஸ்டரா கேட்டாரு?"

"ஆமா."

"நடுப்பக்கம்னா சொன்னாரு?"

"ஆமாப்பா."

ஒன்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்தார். சாயங்காலம் குளியலறையிலிருந்து ரேசரை மக்கின் விளிம்பில் தட்டும் சத்தம் கேட்டது.